வழி தெரிந்தவன் கையில் தடி

தேனி மாவட்டத்துப் போடி மலையில் துப்பாக்கிக்கு ஒரு விசேஷம் உண்டு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இன்றுவரை அது வழி தெரிந்தவன் கைக்கு வந்ததே இல்லை. வழி தெரியாதவன் அதைச் சுமந்துகொண்டு பின்னால் வருவான். வழி தெரிந்தவன் தடியோடு முன்னால் நடப்பான். ஆட்சி மாறிவிட்டது. கொடி மாறிவிட்டது. வனத்துறையின் பெயர்ப் பலகை மாறிவிட்டது. இந்த வரிசை மட்டும் மாறவில்லை.

இப்போது எதற்கு இந்தப் பேச்சு? மலையில் ஒரு ஆள் யானை மிதித்துச் செத்தால் போதும். போடி டீக்கடையிலிருந்து டி.வி. விவாதம் வரை ஒரே யோசனை கிளம்பும். “கூட்டிட்டுப் போற கைடு கையில ஒரு துப்பாக்கியக் குடுத்துட்டா என்னங்க?” அருமையான யோசனை. சொல்கிறவர் யாரும் மலையேறப் போவதில்லை. அந்த ஒன்றுதான் இதில் நமக்குள்ள பாதுகாப்பு.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972. பிரிவு 31: தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்தில் அனுமதி தராமல் சரணாலயத்துக்குள் யாரும் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. சரி. பிரிவு 34: சரணாலயத்துக்குப் 10 கிலோமீட்டர் சுற்றளவில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரைப் பதிய வேண்டும், புது லைசென்ஸுக்கு அதே காப்பாளரின் சம்மதம் வேண்டும். அதுவும் சரி. தேசியப் பூங்காவுக்கும் இவை பொருந்தும்.

போடிப் பக்கத்துப் பொட்டிபுரத்துக்கு மேலே, கேரள எல்லைக்குள், மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா இருக்கிறது. நியூட்ரினோ ஆய்வகத்துக்குக் குறித்த இடத்திலிருந்து அது 4.9 கிலோமீட்டர். ஆக, பொட்டிபுரத்து விவசாயி ஒருவர் காட்டுமாட்டை வெருட்ட ஒற்றைக் குழல் துப்பாக்கி கேட்டு மனுப் போட்டால், அவர் எந்த மாநிலத்துத் தலைமைக் காப்பாளரிடம் போய்க் கைகட்டி நிற்க வேண்டும்? சென்னையிலா, திருவனந்தபுரத்திலா? அவருக்குப் பதில் கிடைப்பதற்குள் காட்டுமாட்டுக்குப் பேரன் பிறந்துவிடும்.

அதே பொட்டிபுரம். அதே 4.9 கிலோமீட்டர். அந்த ஆய்வகத்துக்காக அம்பரப்பர் மலைக்குள் வெடிவைத்து ஏறக்குறைய 2 கிலோமீட்டருக்குக் குகை குடைந்து, உள்ளே 50,000 டன் இரும்பைக் கொண்டுபோய் அடுக்க 2015 ஜனவரியில் டில்லி மந்திரிசபை சுமார் 1,500 கோடி ரூபாய்க்குச் சம்மதம் சொன்னது. துப்பாக்கி ரவை என்றால் காட்டின் அமைதி கெடும். டெட்டனேட்டர் என்றால் அறிவியல் வளரும். பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் அதற்குக் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. டில்லி சளைக்கவில்லை. சிறப்பு நேர்வு என்று சொல்லி மறுபடி அனுமதி கொடுத்தது. கொடுத்த மாதம், 2018 மார்ச். அந்த மாதத்தை நினைவில் வையுங்கள். அதற்கு இன்னொரு வேலையும் இருந்தது.

சட்டத்தின் 11ஆம் பிரிவு இன்னும் ருசி. தன் உயிரையோ அடுத்தவர் உயிரையோ காப்பாற்ற நல்லெண்ணத்தோடு ஒரு விலங்கைக் கொன்றால் குற்றமில்லை. ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் இதே சட்டத்தின் வேறொரு பிரிவை மீறிக்கொண்டிருந்தால் அந்தச் சலுகை கிடையாது. அனுமதிச் சீட்டு இல்லாமல் சரணாலயத்துக்குள் நின்றீர்களா? போச்சு. கரடி மேலே விழுகிற நேரத்தில் பையைத் துழாவிச் சீட்டு பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு உயிரைக் காத்துக்கொள்ள வேண்டும். தற்காப்பில் கொன்ற விலங்கு அரசுச் சொத்து என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஏலச் செடியைத் துவைக்கும்போது அது யாருடைய சொத்து? வாழையைச் சாய்க்கும்போது யாருடைய சொத்து? நஷ்டஈட்டு மனுவோடு அலைந்தவரைக் கேளுங்கள். உயிரோடு இருக்கிறவரை விலங்கு விவசாயியின் பொறுப்பு. செத்ததும் அரசு ஓடி வந்து உறவு கொண்டாடும்.

காட்டுப்பன்றிக்கு வந்த கணக்கு இதைவிட நேர்த்தி. 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டரைத் தாண்டினால் வனத்துறையினர் சுடலாம். போடிச் சரிவில் நிலம் வைத்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு 3 கிலோமீட்டர் தள்ளிக் காடு இருக்கிறது? பலருக்கு வரப்புதான் காட்டு எல்லை. அவர்கள் பன்றியைக் கெஞ்சிக் கூத்தாடி 3 கிலோமீட்டர் கீழே கூட்டிவந்து, அதுவரை சாப்பாடு போட்டு, துறைக்குப் போன் செய்ய வேண்டும். பன்றி சங்கத்தைக் கேட்டு எழுதியிருந்தால்கூட இவ்வளவு அனுசரணையாக வந்திருக்காது.

லைசென்ஸ் துப்பாக்கி ஏற்கெனவே வைத்திருக்கிற ஏலத்தோட்டக்காரர் பாக்கியசாலியா? தேர்தல் தேதி வந்ததும் ஸ்டேஷனிலிருந்து ஆள் வருகிறது. துப்பாக்கியை ஒப்படை. பாராளுமன்றத் தேர்தல், சட்டமன்றத் தேர்தல், உள்ளாட்சித் தேர்தல். யானைக்கு நடத்தை விதி பொருந்தாது. அது பிரசாரம் ஓய்ந்த பிறகும் வரும். வாக்கு எண்ணிக்கை அன்றும் வரும். இந்தப் பக்கம் எம்.எல்.ஏ. கல்யாண வீட்டுக்குப் போகக் கூடவே கன்மேன். பந்தியில் அவர் முதுகுக்குப் பின்னால் துப்பாக்கி நிற்கிறது. முதுவாக்குடி மலைக்கிராமத்துக்கு ரேஷன் அரிசி சுமந்து ஏறுகிறவன் முதுகுக்குப் பின்னால் யானை நிற்கிறது. அரசாங்கத்துக்கு எந்த முதுகு முக்கியம் என்பதில் எந்த ஒளிவுமறைவும் இல்லை.

இது இன்றைக்கு வந்த பழக்கமா? 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு ராஜாவிடம் கண்ணன்தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கினார். அந்த மலைக்குள் ஏறுகிற தடம் எந்தத் துரைக்குத் தெரியும்? முதுவர் பழங்குடிகளுக்குத்தான் தெரியும். அடுத்த வருஷமே, 1878இல், ஆயுதச் சட்டம் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் இந்தியன் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, ஐரோப்பியருக்கு விதிவிலக்கு. அப்புறம் வேலைப் பங்கீட்டுக்குக் குழப்பமே இல்லை. முதுவான் தடம் பார்ப்பான். துரை சுடுவார். வரையாடு விழும். போட்டோவில் துரை கால் தூக்கி வைத்திருப்பார். தடம் பார்த்தவன் படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்பான். சில படத்தில் அந்தப் பாதியும் இருக்காது.

துரை போனார். அவருடைய நாற்காலி போகவில்லை.

2018 மார்ச்சுக்கு வருவோம். பத்தாம் தேதி மலையேறச் சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு – திருப்பூர்ப் பக்கமிருந்து ஒரு குழு. சென்னைக் குழு மகளிர் தினத்தை ஒட்டிக் கிளம்பியது. அதில் பெரும்பாலும் பெண்கள். போடிக்கு மேலே குரங்கணி, கொழுக்குமலை. பதினோராம் தேதி இறங்கி வரும்போது மலை எரிந்தது. காய்ந்த ஆளுயரப் புல். மேல்நோக்கி வீசிய காற்று. 23 பேர் செத்தார்கள். ஒரே நாளில் செத்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. சிலர் ஆஸ்பத்திரியில் நாள் கணக்காக, வாரக் கணக்காகக் கிடந்து செத்தார்கள்.

அன்றைக்கு யானை வரவில்லை. கரடி வரவில்லை. ஆளுக்கொரு துப்பாக்கி கொடுத்திருந்தாலும் தீயை எங்கே சுடுவது?

அந்தப் புல் பங்குனியில் எப்படி எரியும், எந்தப் பக்கம் ஏறும், எந்த ஓடைப் பள்ளத்தில் இறங்கினால் மூச்சு முட்டும், எந்தப் பாறை மேல் நின்றால் தப்பலாம் என்பதெல்லாம் குரங்கணியிலும் கொட்டகுடியிலும் மாடு மேய்த்த கிழவர்களுக்குத் தெரியும். “இந்த மாசம் வேண்டாம் தாயி, தீ கிடக்கு, திரும்பிப் போயிருங்க” என்று சொல்ல ஒரு ஆள் போதும். அப்படி ஒருவர் சொன்னால் கேட்டே ஆக வேண்டும் என்பதற்கு எந்த ஃபாரத்திலும் ஒரு கட்டம் கிடையாது. பெயர், வயது, முகவரி, போன் நம்பர், கையெழுத்து. ‘மலை தெரிந்தவர் என்ன சொன்னார்?’ அந்தக் கேள்விக்கு இடமில்லை.

தீ பிடித்த பிறகு எல்லாரும் வந்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர் வந்தது. கருடா கமாண்டோக்கள் வந்தார்கள். மந்திரிகள் வந்தார்கள். அந்தத் தொகுதியின் எம்.எல்.ஏ. அப்போது தமிழ்நாட்டின் துணை முதல்வர். இதற்கு மேல் ஒரு தொகுதிக்கு என்ன செல்வாக்கு வேண்டும்? ஆனால் இவர்களுக்கெல்லாம் முன்னால், இருட்டில், டார்ச்சும் போர்வையுமாக ஏறியவர்கள் உள்ளூர்க்காரர்கள். கருகிய பெண்களைப் போர்வையில் கட்டித் தூக்கி இறக்கியவர்கள் அவர்கள். கமாண்டோவிடம் ஆயுதம் இருந்தது. தடம் இவர்களிடம் இருந்தது.

அப்புறம் நடந்தது நமக்கு மனப்பாடம். அனுமதி வாங்காமல் போனார்கள் என்றது துறை. சோதனைச் சாவடியில் காசு கொடுத்துச் சீட்டு வாங்கியிருக்கிறார்களே என்று பத்திரிகைகள் கேட்டன. சீட்டு டாப் ஸ்டேஷனுக்கு, போனது கொழுக்குமலைக்கு என்று விளக்கம் வந்தது. ஆக, தவறான மலையில் செத்தது அவர்கள் குற்றம். ஒரு ரேஞ்சர் சஸ்பெண்ட். வருவாய்த் துறைச் செயலாளர் அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணை. அறிக்கை. மலையேற்றத்துக்குத் தடை. பிறகு விதிகள். பிறகு கட்டணம்.

வெளிநாட்டுக்காரன் என்ன செய்கிறான்? இந்தக் கேள்வி வந்தால் நம் ஆட்களுக்கு உற்சாகம் பிறந்துவிடும். உடனே தென்னாப்பிரிக்காவைக் காட்டுவார்கள். “க்ரூகர் பார்க்குல கைடு துப்பாக்கி வச்சிருக்கான் சார்.” வைத்திருக்கிறான். நடைப்பயணம் கூட்டிப் போகிற இரண்டு பேர் கையிலும் இருக்கிறது. கூட வருகிறவர்கள் எட்டுப் பேருக்கு மேல் கிடையாது. ஆனால் அந்தத் துப்பாக்கி கைக்கு வருவதற்கு முன்னால் அவன் படுகிற பாட்டை யாரும் சொல்வதில்லை. எத்தனை மணி நேரம் காட்டில் நடந்தான், எத்தனை முறை யானையையும் எருமையையும் நேருக்கு நேர் பார்த்து யாருக்கும் கீறல் இல்லாமல் விலகி வந்தான் என்று கணக்கு எழுதிக் காட்ட வேண்டும். பரீட்சை எழுத வேண்டும். சுடும் பரீட்சை தனி. எல்லாம் முடிந்து கையில் கொடுத்த பிறகு சொல்லித் தருகிற பாடம், இதைச் சுடும்படி ஆனால் நீ வழிகாட்டியாகத் தோற்றாய் என்பதுதான். நாம் பாடத்தை விட்டுவிட்டுத் துப்பாக்கியை மட்டும் இறக்குமதி செய்யப் பார்க்கிறோம். நமக்கு எப்போதும் சாமான் வேண்டும். அதற்கு டெண்டர் உண்டு. பாடத்துக்கு டெண்டர் கிடையாது.

துப்பாக்கி மட்டும் இருந்து ஆள் தயாராக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உலகத்தில் உதாரணம் இருக்கிறது. நார்வேயின் ஸ்வால்பார்டில், வெள்ளைக்கரடிப் பிரதேசத்தில், 2011 ஆகஸ்டில் பிரிட்டிஷ் மாணவர் குழு ஒன்று கூடாரம் போட்டிருந்தது. கரடி வந்தது. குழுத் தலைவர் பழைய மவுசர் துப்பாக்கியை எடுத்து நான்கு முறை சுட முயன்றார். நான்கு முறையும் ரவை வெடிக்காமல் வெளியே விழுந்தது. பாதுகாப்பு விசை சரியான நிலையில் இல்லை. பதினேழு வயதுப் பையன் செத்தான். கடைசியில், தரையில் கிடந்த ரவையைத் தேடி எடுத்துப் போட்டுத்தான் கரடியைச் சுட முடிந்தது. பணக்கார நாடு. அங்கேயே இந்தக் கதி. நம்மூரில் அரசு கொள்முதல் செய்த துப்பாக்கி, மழைக்காலத்து ஏலக்காட்டு ஈரத்தில், எண்ணெய்க்குப் பட்ஜெட் இல்லாமல், அட்டைக்கடி வாங்கிய கையில். கற்பனை செய்து பாருங்கள்.

அலாஸ்காவில் இதைக் கணக்குப் போட்டே பார்த்தார்கள். பழுப்புக் கரடியை மிளகாய்க்கார ஸ்ப்ரே நிறுத்திய விகிதம் 92 சதவீதம் என்று 2008இல் வந்த ஆய்வு சொன்னது. நீளத் துப்பாக்கிக்குக் கிடைத்த மதிப்பெண் 76 என்று 2012இல் அதே ஆய்வாளர்கள் சொன்னார்கள். மிளகாய் நம்மிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது. அதில் கமிஷன் குறைவு.

அவ்வளவு தூரம் எதற்கு? கம்பம் தாண்டி, கூடலூர் தாண்டி, குமுளி ஏறினால் பெரியாறு புலிகள் காப்பகம். 1990களின் பிற்பகுதியில் அங்கே ஒரு காரியம் செய்தார்கள். காட்டுக்குள் புகுந்து வயணாப் பட்டை உரித்துக் கடத்திக்கொண்டிருந்தவர்களை, வழக்குமேல் வழக்கு வாங்கி ஓடிக்கொண்டிருந்தவர்களை, உட்காரவைத்துப் பேசினார்கள். காட்டின் சந்துபொந்து தெரிந்தவன் நீ, வா, வழிகாட்டு என்றார்கள். இன்றைக்குப் புலித்தடப் பயணத்தில் சுற்றுலாப் பயணிகளை நடத்திப் போகிறவர்கள் அவர்கள். கூடவே வனத்துறை காவலர் ஒருவர் துப்பாக்கியோடு வருகிறார். துப்பாக்கி இருக்கிறது, ஆனால் அது தடத்தை முடிவு செய்வதில்லை. முன்னால் போகிற பழைய பட்டைக் கடத்தல்காரன் கையைத் தூக்கினால் துப்பாக்கியும் நிற்க வேண்டும், டாக்டர் பட்டம் வாங்கிய பயணியும் நிற்க வேண்டும். மலைக்கு அந்தப் பக்கம் நடக்கிற காரியம் மலைக்கு இந்தப் பக்கம் நடப்பதற்கு என்ன தடை? நடுவில் ஒரு செக்போஸ்ட் இருக்கிறது. லஞ்சம் அதைத் தாண்டும். நல்ல யோசனை தாண்டாது.

கேரளத்தை ரொம்பவும் புகழ வேண்டாம். போடிமெட்டுக்கு மேலே சின்னக்கானல், பன்னியாறு. அங்கே ஒரு வாட்சர் இருந்தார். யானையிடம் பேசிப் பேசியே சாலையை விட்டு விலக்குவார். அந்த வீடியோவை நாமெல்லாம் பார்த்தோம், லைக் போட்டோம், “என்னா மனுசன்யா” என்று பகிர்ந்தோம். 2023 ஜனவரியில் பன்னியாறு எஸ்டேட்டில் யானைகள் அவரைக் கொன்றன. அவர் கையில் துப்பாக்கி இல்லை என்று அன்றைக்கும் சிலர் ஆதங்கப்பட்டார்கள். பனிமூட்டத்தில் பத்தடி தூரத்தில் கூட்டமாக நிற்கிற யானைக்கு எதிரே எந்தத் துப்பாக்கி என்ன செய்யும்? அவருக்குத் தேவைப்பட்டது கூட நிற்க நாலு ஆள், யானை எங்கே நிற்கிறது என்று நேரத்துக்குச் சொல்லும் ஏற்பாடு, நிரந்தர வேலை. அதெல்லாம் வருஷா வருஷம் செலவு. வீடியோவுக்குச் செலவில்லை.

அதே சின்னக்கானலில்தான் அரிக்கொம்பன் வளர்ந்தது. ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்றது. அதற்குக் கிடைத்த துப்பாக்கி மரியாதையைப் பாருங்கள். 2023 ஏப்ரலில் கேரளம் மயக்க ஊசி போட்டு, ரேடியோ காலர் மாட்டி, பெரியாற்றுக்குள் கொண்டுபோய் விட்டது. விட்ட இடம் தமிழ்நாட்டு எல்லை ஓரம். ஒரு மாதம் ஆகவில்லை. மே 27 அன்று யானை கம்பம் தெருவில் நடந்தது. ஆட்டோவைத் தள்ளியது. 144 தடை உத்தரவு போட்டார்கள். மனிதனுக்குத்தான். யானை ஊருக்குள் உலாத்தியது, ஊர் வீட்டுக்குள் அடைந்து கிடந்தது. ஒருவர் அடிபட்டு இறந்தார். ஜூன் 5 அன்று தமிழகம் மறுபடி மயக்க ஊசி போட்டு, லாரியில் ஏற்றி, திருநெல்வேலி தாண்டிக் களக்காடு முண்டந்துறையில் விட்டது. இரண்டு மாநிலம், கும்கிகள், மருத்துவர் படை, நீதிமன்ற வழக்குகள். விலாசம் மாறியது. கேரளத்தின் பிரச்சினை தமிழகத்தின் பிரச்சினை ஆனது. தேனியின் பிரச்சினை நெல்லையின் பிரச்சினை ஆனது. மயக்க ஊசித் துப்பாக்கி என்பது நம் நாட்டில் ஒரு தபால் முத்திரை. குத்தினால் அடுத்த ஊருக்குப் போய்ச் சேரும்.

சரி, நிஜத் துப்பாக்கி இந்தப் பக்கத்துக் காட்டில் பேசவே இல்லையா? பேசியது. 2023 அக்டோபர் 28 இரவு. கம்பம் பக்கம் கூடலூரை ஒட்டிய வண்ணாத்திப்பாறைக் காடு. வனத்துறையினர் சுட்டார்கள். விழுந்தது யானை அல்ல, பன்றி அல்ல. ஐம்பது வயது தாண்டிய ஒரு விவசாயி. வேட்டைக்கு மின்கம்பி வைத்தார், கத்தியால் தாக்க வந்தார், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது துறை. குடும்பத்தார் ஏற்கவில்லை. உறவினர்கள் போராடினார்கள். அவர் தவறே செய்தார் என்று வைத்துக்கொண்டாலும் மின்கம்பிக்குத் தண்டனை நீதிமன்றத்தில் இருக்கிறது, காட்டுப்பாதையில் இல்லை.

கணக்கை ஒழுங்காகப் பார்ப்போம். யானைக்கு மயக்க ஊசி, லாரி, மருத்துவர். பன்றிக்கு 3 கிலோமீட்டர் சலுகை. மனிதனுக்கு நேரடி ரவை. இந்த மூவரில் வாக்குரிமை உள்ளவன் யார் என்று சொல்லுங்கள்.

காட்டில் பழங்குடிக்கு அரசு என்ன வேலை வைத்திருக்கிறது என்பதையும் நாம் கண்ணால் பார்த்தோம். 2020 பிப்ரவரியில், முதுமலை தெப்பக்காட்டில், வனத்துறை அமைச்சராக இருந்த திண்டுக்கல் சீனிவாசன் ஒரு பழங்குடிச் சிறுவனைக் கூப்பிட்டார். வழி கேட்கவில்லை. யானை எங்கே நிற்கிறது என்று கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிடச் சொன்னார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பையன் குனிந்து கழற்றினான். பிறகு வருத்தம் தெரிவித்தார், பேரன் மாதிரி நினைத்தேன் என்றார். குரங்கணி எரிந்தபோதும் அவர்தான் வனத்துறை அமைச்சர். காடு தெரிந்தவனின் தலை அமைச்சரின் கால் மட்டத்துக்கு வந்த பிறகு, அவன் பேச்சு எந்த மட்டத்தில் கேட்கும்?

இப்போது நிலைமை மாறிவிட்டது என்கிறார்கள். ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 2024 அக்டோபரில் தொடங்கினார்கள். 14 மாவட்டங்கள், 40 தடங்கள். இணையத்தில் முன்பதிவு. உள்ளூர், பழங்குடி இளைஞர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சி. தீக்காலத்தில் தடங்களை மூடுகிறார்கள். நல்லது. இதை நான் கிண்டல் செய்யப் போவதில்லை. குறை சொல்வதற்காகக் குறை சொல்கிற ஆள் நான் இல்லை. 23 பேர் செத்து ஆறு வருஷம் கழித்தாவது செய்தார்களே. ஆனால் இந்த இளைஞர்களுக்குச் சட்டை கொடுத்திருக்கிறோம், தொப்பி கொடுத்திருக்கிறோம், விசில் கொடுத்திருக்கிறோம். அதிகாரம் கொடுத்திருக்கிறோமா? பயணி கலெக்டருக்கு வேண்டியவர். மழை இறங்குகிறது. பாதையில் புதுச் சாணி கிடக்கிறது, ஆவி பறக்கிறது. முதுவாக்குடிப் பையன் நின்றுவிடுகிறான். “சார், இதுக்கு மேல வேண்டாம், திரும்பிருவோம்.” சார் போனை எடுப்பார். மேலே பேசுவார். மேலேயிருந்து கீழே போன் வரும். “தம்பி, சாரைக் கொஞ்சம் பார்த்துக் கூட்டிட்டுப் போ.” இந்தப் போனுக்கு எதிராக அந்தப் பையனுக்கு என்ன பாதுகாப்பு? அவன் கையில் ஏ.கே.47 கொடுத்தாலும் இந்தப் போனைச் சுட முடியாது.

துப்பாக்கி கேட்கிறவர்களே, கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. யானை நடமாட்டம் அதிகமுள்ள தடங்களில் பெரியாற்றில் செய்வதுபோலப் பயிற்சி பெற்ற காவலர் ஒருவர் பின்னால் வரட்டும். ஆனால் முதலில், வழிகாட்டி ‘திரும்பு’ என்றால் மந்திரியாக இருந்தாலும் திரும்பித்தான் ஆக வேண்டும் என்று விதியில் எழுதுங்கள். மீறியவருக்கு அபராதம் என்று எழுதுங்கள். திரும்பிய பயணத்துக்குப் பணம் வாபஸ் என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் கொடுத்த காசுக்காகவே ஜனம் மேலே ஏறும். வழிகாட்டிக்கு மாதச் சம்பளமும் இன்சூரன்ஸும் அவன் பெயரிலேயே வேண்டும், ஏஜென்சி பெயரில் அல்ல.

வாசகர்களே, இந்த வருஷம் குரங்கணிக்கு முன்பதிவு செய்கிறவர்கள் பணம் கட்டும் முன் துறைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். “பாதி வழியில் உங்கள் வழிகாட்டி திரும்பச் சொன்னால் அது கடைசி வார்த்தையா, இல்லையா?” ஒரே கேள்வி. பதிலை எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் போகாதீர்கள்.